ஒரு குடும்பத்துக்கு ஒரு பாட்டில்

1

சனிக்கிழமை காலையில் இப்போது நான் எங்கும் போக வேண்டியதில்லை. திருச்சியில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் 'கொடுத்து வைத்தவன்' என்பீர்கள். போன வருடம் வரை எனக்கு அந்தக் காலைகளில் ஒரு வேலை இருந்தது. மதுக்கடை வாசலில் வரிசையில் நிற்கிற வேலை.

நான் இருப்பது அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில். பர்பன் என்கிற விஸ்கி இங்கேதான் பிரசித்தம். மணப்பாறைக்கு முறுக்கு எப்படியோ, இந்த ஊருக்கு இது. மூலப்பொருள் மக்காச்சோளம். நம் பெரம்பலூர் பக்கத்தில் கோழித் தீவனத்துக்கு மூட்டை மூட்டையாகப் போகிறதே, அதே மக்காச்சோளம்தான். அதை ஊறவைத்து, காய்ச்சி, உள்ளே தீயால் கருக்கிய புது மரப்பீப்பாயில் ஊற்றிப் பல வருடம் தூங்க வைக்கிறார்கள். எழுப்பும்போது நல்ல நிறமும் கொஞ்சம் வெல்ல வாசனையும் வந்திருக்கும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை சொல்ல வேண்டியது கிராக்கியைத்தான். மணப்பாறைக்காரர் யாராவது முறுக்கு வாங்க விடியற்காலையில் வரிசையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? இங்கே நிற்கிறார்கள். சில பெயர்களுக்கு மட்டும் திடீரென்று மவுசு வந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே விடுகிறார்கள். அதே கம்பெனி, அதே சோளம், கிடங்கில் கீழ்த்தட்டில் கிடந்த பீப்பாய் என்றால் கடையிலும் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடக்கும், சீந்த ஆளில்லை. மேல்தட்டில் கிடந்தது என்றால் அதன் கழுத்தில் மெழுகு முத்திரை, வாசலில் கூட்டம், வாங்கிய மறுநாளே பல மடங்கு விலை.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் என் மகன் அரவிந்த்.

"அப்ப குடிச்சா எப்படிடா இருக்கும்?" என்று கேட்டேன்.

"குடிக்கறதுக்கு இல்லப்பா அது."

என் மனைவி வசந்தா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். அரவிந்த் அதே ஊரில் வேறொரு கோடியில், ஒரு நண்பனோடு அறை எடுத்துத் தங்கியிருந்தான். போன் செய்தால் "சாப்டீங்களா", "சாப்டேன்", "சரி வைக்கட்டுமா" என்று முடிந்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை அவனாகக் கூப்பிட்டான்.

"அப்பா, நாளைக்குக் காலைல ஃப்ரீயா?"

நான் இந்தச் சனிக்கிழமையிலிருந்து அடுத்த சனிக்கிழமை வரை ஃப்ரீ. ஆனாலும் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு, "ஏன், என்ன விஷயம்?" என்றேன்.

விஷயம் இதுதான். மவுசுள்ள பாட்டில்களை விற்கிற ஒரு கடையில், ஒரு குடும்பத்துக்கு ஒரு பாட்டில் என்று விதி. ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்ப்பார்கள். ஒரே குடும்பப் பெயர் இருந்தால் இரண்டாவது ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. என் உரிமத்தில் சேகர், அதற்குப் பின்னால் என் அப்பா பெயர் ராமசாமி. அவன் உரிமத்தில் அரவிந்த், அதற்குப் பின்னால் என் பெயர் சேகர். இந்த ஊர்க் கணக்கில் அவன் சேகர் குடும்பம், நான் ராமசாமி குடும்பம். ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

இந்தப் பெயரால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, ஆஸ்பத்திரியில் காட்டும்போது, விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி முன்னால் நிற்கும்போது, "இவனுக்கு நீங்கள் யார்?" என்ற கேள்வி தவறாமல் வரும். அப்பாவின் பெயரைப் பிள்ளை பின்னால் சுமப்பது எங்கள் வழக்கம் என்று நின்று விளக்குவேன். ஒரு அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் உங்கள் குடும்பத்துக்குப் பெயரே இல்லையா என்றார். அவ்வளவு காலம் உபத்திரவமாக இருந்தது அன்றைக்கு உபயோகப்பட்டது.

"ஒண்ணு மட்டும்பா," என்றான் அரவிந்த். "க்யூல என்கிட்ட பேசாதீங்க. தெரியாத மாதிரி நில்லுங்க."

சரி என்றேன்.

2

வரிசை என்றால் நமக்கு என்ன நினைவு வரும்? ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு வைகுண்ட ஏகாதசிதான். மார்கழிப் பனியில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, சொர்க்கவாசல் திறக்கக் காத்திருக்கிற கூட்டம். கையில் ஏதாவது தின்பண்டம் இல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் வரிசைக்குப் போனதில்லை. அதனால் நான் புளியோதரை கிளறி இரண்டு டப்பாவில் கட்டிக்கொண்டு, மடக்கு நாற்காலியோடு போய்விட்டேன்.

அரவிந்த் எனக்கு முன்னால் நின்றான். எங்கள் இருவருக்கும் நடுவில் டேல் என்று ஒரு பெரியவர், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். டப்பாவைத் திறந்ததும் பெருங்காய வாசனை மொத்த வரிசைக்கும் போய்ச் சேர்ந்தது. அரவிந்தின் முதுகு விறைத்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது, அவனுக்கென்று கட்டிய டப்பாவை எப்படிக் கொடுப்பது? தெரியாத ஆளுக்கு யாராவது புளியோதரை கொடுப்பார்களா?

நான் டேலிடம் ஒரு டப்பாவை நீட்டி, "நீங்கள் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, முன்னால் இருக்கிற பையனுக்கும் கொடுங்கள், பசியோடு இருக்கிற மாதிரி தெரிகிறது" என்றேன். டேல் ஒரு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீரோடு டப்பாவை முன்னால் கொடுத்தார். அரவிந்த் திரும்பி, "தேங்க்யூ, சார்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். பெற்ற பிள்ளை என்னை சார் என்றது அதுதான் முதல் தடவை. சிரிப்புதான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது சிரிப்பாக இல்லை.

கடை திறந்ததும் கோயில் மாதிரிதான். எத்தனை நேரம் காத்திருந்தாலும் சந்நிதியில் நிற்க விடமாட்டார்கள் அல்லவா, "நகருங்க, நகருங்க" என்பார்களே, அதேபோல உரிமத்தைக் காட்டு, காசைக் கொடு, பாட்டிலை வாங்கு, நகரு. வெளியே வந்து தெருமுனை திரும்பிய பிறகு அரவிந்த் என் காரில் ஏறிக்கொள்வான். நான் வாங்கிய பாட்டிலையும் அவனிடம் கொடுப்பேன். ஒரு காபிக் கடையில் உட்காருவோம். அவன் போனைப் பார்த்துக்கொண்டு இந்த பாட்டில் என்ன விலைக்குப் போகிறது என்று சொல்வான். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் காபி முடிகிற நேரம்தான் எனக்கு அந்த வாரத்தின் சம்பளம். அதற்காக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் வருமா வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வராத வாரங்களில் புளிக்காய்ச்சல் மட்டும் தயாராக இருக்கும்.

3

இந்தச் சங்கதியைத் திருச்சியில் இருக்கும் பாஸ்கரிடம் சொன்னேன். பாஸ்கர் என்னோடு கல்லூரியில் படித்தவன். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். சர்க்கரை வந்ததிலிருந்து குடிப்பதில்லை, ஆனால் குடியைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவில்லை.

"வாங்கி வச்சுக்கிட்டு குடிக்கவே மாட்டானா?" என்றான். "அப்புறம் எதுக்குடா அது? கொலுவுல வைக்கவா?"

பாஸ்கர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நாங்கள் பழகிய குடி வேறு. வாலிபத்தில் எங்களிடம் ஒரு குவார்ட்டருக்கே முழுசாகக் காசு சேராது. கடை வாசலில் நின்று, நம்மை மாதிரியே பாதிக் காசோடு தயங்கி நிற்கிற இன்னொரு ஆளைப் பார்த்து, "அண்ணே, கட்டிங் போடலாமா?" என்று கேட்க வேண்டும். அவர் தலையாட்டினால் ஒரு குவார்ட்டரைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். அதில் ஒரு நேர்மை உண்டு. ஊற்றுகிறவன் கடைசியில்தான் எடுக்க வேண்டும். முதலில் மற்றவர்கள் டம்ளரைத் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் ஊற்றுகிறவன் கண்ணை டம்ளரோடு ஒட்டவைத்துக்கொண்டு, தராசு பிடிக்கிற மாதிரி ஊற்றுவான். குடித்து முடிக்கிற வரைக்கும் அந்த ஆள் சொந்தக்காரன் மாதிரி பேசுவார். ஒருத்தர் முசிறியிலிருந்து வாழைத்தார் ஏற்றி வந்தவர், மகள் கல்யாணத்துக்கு எங்களை அழைத்துவிட்டுப் போனார். எந்த ஊர், என்றைக்கு என்று சொல்லவில்லை.

பிறகு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிக் கொத்துமல்லி விதையை மென்றுகொண்டு நடப்பேன். அந்தத் தெருக்களில் வாசனையோடு நடந்தால் பெருமாளுக்குத் தெரிவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு மாமிக்குத் தெரிந்துவிடும்.

அப்போது கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால், தொண்டை எரிச்சலும் மறுநாள் தலைவலியும் என்றுதான் சொல்ல வேண்டும். சரக்கு அவ்வளவு மட்டம். ஆனால் காசு வீணாய்ப் போனது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. திறந்த பாட்டிலை மிச்சம் வைப்பது என்ற பேச்சே எங்களிடம் கிடையாது. மிச்சம் வைக்க என்ன இருந்தது?

4

மிச்சம் வைக்கிற பிரச்சினை எனக்கு இங்கேதான் வந்தது.

வசந்தா இருக்கும்வரை வீட்டில் பாட்டில் இல்லை. அவள் போன பிறகு கீழ்த்தட்டுச் சரக்கில் ஒன்று வாங்கி வைத்தேன். வாரத்துக்கு ஒரு சின்ன அளவு. அதற்கு மேல் குடிக்கத் தோன்றவில்லை. தனியாகக் குடிப்பதில் மருந்து குடிப்பது போல ஒரு ஒழுங்கு வந்துவிடுகிறது. அதனால் பாட்டில் மாதக்கணக்கில் கிடந்தது. ஒரு நாள் ஊற்றிக் குடித்தால் சப்பென்று இருந்தது. எனக்குத்தான் நாக்கு செத்துவிட்டதோ என்று பயந்தேன்.

வரிசையில் டேலிடம் கேட்டேன். அவர் சிரித்தார். திறக்காத பாட்டில் எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கும், திறந்தது அப்படியல்ல, சரக்கு குறையக் குறைய உள்ளே காற்று கூடும், காற்றுதான் அதைத் தின்கிறது என்றார். பாதிக்குக் கீழே போனால் சின்ன பாட்டிலில் வாய்வரை ஊற்றி மூடி, வெயில் படாமல் வையுங்கள். இல்லையென்றால் யாரையாவது கூப்பிட்டுக் குடித்து முடியுங்கள், அதுதான் நல்ல வழி என்றார். இரண்டாவது வழிக்கு எனக்கு ஆள் இல்லை.

சின்ன பாட்டிலுக்கு எங்கே போவது? வசந்தா எந்தக் கண்ணாடி பாட்டிலையும் தூக்கிப் போட்டவள் இல்லை. சமையலறை அலமாரியில் ஊறுகாய் பாட்டில்களாகக் கழுவிக் காயவைத்துத் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். அதில் இரண்டை எடுத்து நிரப்பினேன். எவ்வளவு கழுவினாலும் ஊறுகாய் மூடி தன் வாசனையை விடாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அந்த வீட்டில் பாத்திரம் கழுவியது நானல்ல.

ஒரு சனிக்கிழமை மழை கொட்டியதால் காபிக் கடைக்குப் போகாமல் அரவிந்த் வீட்டுக்கு வந்தான். இவ்வளவு நாள் கழித்து வந்திருக்கிறானே என்று ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினேன். அவன் முகர்ந்தான். ஒரு வாய் குடித்தான். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"அப்பா, இது என்ன... ரசமா?"

"டேய், விஸ்கிடா."

"மாவடு வாசனை வருது."

நானும் குடித்துப் பார்த்தேன். மாவடுவேதான். கடுகும் விளக்கெண்ணெயும் மிளகாய்த்தூளும். வசந்தா கை மாவடு. அரவிந்த் சிரிக்க ஆரம்பித்தான். எனக்கும் அடக்க முடியவில்லை. அவள் போன பிறகு அந்தச் சமையலறையில் இரண்டு பேர் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்ததும் அவன் டம்ளரைக் கீழே வைக்காமல் மீதியையும் குடித்தான். "அம்மா பண்ணதுதானே," என்றான். எனக்கு அழுகை வந்தது, ஜன்னலைச் சாத்தப் போகிற மாதிரி எழுந்து போனேன்.

5

பிறகு அவனுக்கு சியாட்டிலில் வேலை கிடைத்தது. இந்த நாட்டின் அடுத்த கோடி. கிளம்புவதற்கு முன் பாட்டில்களை அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு வந்து, ஒரு காலத்தில் அவனுடையதாக இருந்த அறையில் இறக்கினான். தபாலில் அனுப்பக் கூடாதாம், விமானத்திலும் அத்தனையைக் கொண்டு போக முடியாதாம்.

"கர்ட்டனைத் திறக்காதீங்கப்பா, வெயில் படக் கூடாது. படுக்க வைக்காதீங்க. ஹீட்டர் அதிகம் வைக்காதீங்க."

"நீ குழந்தையா இருந்தப்ப உங்கம்மா இதே மாதிரிதான்டா சொல்லிட்டு வேலைக்குப் போவா," என்றேன். அவன் சிரித்தான். கட்டிப்பிடித்துவிட்டுப் போனான்.

பாஸ்கரிடம் சொன்னபோது, "பொருளை உங்கிட்ட விட்டுட்டுப் போயிருக்கான்ல, அப்ப வந்துதானே ஆகணும்?" என்றான். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. தினமும் அந்த அறைக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டுப் பெட்டிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். ஒன்றைத் திறந்தால் என்ன என்று தோன்றியதுண்டு. திறந்தால் அது வெறும் சாராயம். திறக்காதவரை என் மகன் திரும்பி வருவதற்கு ஒரு காரணம்.

பழக்க தோஷத்தில் ஒரு சனிக்கிழமை நான் மட்டும் வரிசைக்குப் போனேன். டேல் எனக்காக இடம் விட்டு நகர்ந்தார்.

"உங்கள் பையன் எங்கே?"

"எந்தப் பையன்?" என்றேன், பழைய நடிப்பை விடாமல்.

"உங்களுக்குத் தெரியாத பையன்தான். உங்களை மாதிரியே இடுப்பில் கை வைத்து நிற்பானே," என்றார். முதல் வாரமே தெரியும் என்றார். வரிசையில் பாதிப் பேருக்குத் தெரியுமாம், கடைக்காரருக்கும் ஒருவேளை தெரிந்திருக்கலாமாம். "யாருக்குமே சொல்ல மனசு வரவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது."

அன்றைக்கு நான் பாட்டில் வாங்காமலே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு போகவில்லை.

6

போன மாதம் அரவிந்த் போன் செய்தான். பக்கத்து ஊரில் பழைய பாட்டில்களை விலைக்கு வாங்குகிற ஒரு கடைக்காரர் இருக்கிறார், எல்லாவற்றையும் அவருக்குப் பேசி முடித்துவிட்டேன், வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார் என்றான். விலை இறங்கிக்கொண்டிருக்கிறதாம். மவுசு குறைகிறதாம். இப்போதே விற்றுவிடுவது நல்லதாம்.

"நீ வரலையா?"

"நான் எதுக்குப்பா? அவரே வண்டி எடுத்துட்டு வராரு."

அந்த மனிதர் வந்தார். தங்கமான மனிதர். வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் பிடித்து, கழுத்து மெழுகைப் பார்த்து, பஞ்சு வைத்துக் கட்டினார். "அருமையாகப் பாதுகாத்திருக்கிறீர்கள். உங்கள் சேகரிப்பா?" என்றார்.

"என் மகனுடையது," என்றேன்.

அவர் போன பிறகு அந்த அறையின் திரையைத் திறந்தேன். கம்பளத்தில் பெட்டிகள் இருந்த இடம் மட்டும் அழுந்தியிருந்தது. அப்போது போன் வந்தது.

"எல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாராப்பா?"

"போயிட்டாரு. ஒண்ணும் உடையல."

"தேங்க்ஸ்பா. உங்களுக்கும் ரூம் ஃப்ரீ ஆயிடுச்சு."

எங்கிருந்து எனக்கு அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "எனக்கு எதுக்குடா ரூம்? இருக்கற ரூமையே பெருக்க ஆளில்லை. பாட்டில் இங்க இருந்தா என்னிக்காவது நீ வருவன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இனிமே நீ எதுக்கு வருவ?"



"அப்பா," என்றான். "என் ரூம்மேட் வாரா வாரம் நான் வரேன் நான் வரேன்னு சொன்னான். அவன் வந்திருந்தா எந்த ரூலும் பிரச்சினை இல்ல. நடிக்க வேண்டிய அவசியமே இல்ல. நான் உங்களைத்தான் கூப்பிட்டேன்."

"ஏன்?"

"அம்மா போனப்புறம் நீங்க வெளியவே வரல. சும்மா வாங்கப்பான்னு கூப்பிட்டா வேலை இருக்குன்னு சொல்லிடுவீங்க. எனக்கு ஒரு ஹெல்ப் வேணும்னு சொன்னாதான் வருவீங்க."

அது உண்மை. நான் அப்படிப்பட்டவன்தான். அவனுக்கு நான் ஒத்தாசை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நானும், எனக்கு அவன் ஒத்தாசை செய்கிறான் என்று நினைத்துக்கொண்டு அவனும், அத்தனை சனிக்கிழமையும் ஒருவருக்கொருவர் தெரியாதவர்களாக நின்றிருக்கிறோம். அவனிடம் "சரிடா" என்றேன்.

"சனிக்கிழமை காலைல கூப்பிடறேன்பா."

"என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல."

கூப்பிட்டான். அவன் ஊரில் அப்போது இன்னும் விடிந்திருக்காது, எனக்காகச் சீக்கிரம் எழுந்திருக்கிறான். இங்க மழைப்பா என்றான். இங்க வெயில்டா என்றேன். சாப்டீங்களா, சாப்டேன். அதோடு வழக்கமான பேச்சு தீர்ந்துவிட்டது. விலை சொல்ல அவனிடம் எதுவும் இல்லை, கேட்க என்னிடமும் இல்லை. வைக்கட்டுமா என்று அவன் கேட்பான் என்று பயந்துகொண்டே இருந்தேன். அவன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அவன் எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துக் குடிக்கிற சத்தம் கேட்டது.